அரையும் அரையும் ஒன்று அல்ல

என் சித்தி மகனுக்கு அப்போது 22 வயது, எனக்கு 27. அந்த டிசம்பர் 31 இரவு அவன் என்னவெல்லாம் எடுத்திருந்தான் என்று அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டபோது நான் சொன்ன பதில் இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "கொஞ்சம் பிராந்தி சார். ஒரே ஒரு மாத்திரை, அதுவும் பாதி பாதியா." கொஞ்சம், ஒரே ஒரு, பாதி. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவுமே ஆளைக் கொல்லாது என்றுதான் நாங்கள் ஆறு பேரும் நம்பியிருந்தோம். டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: "நீங்க ஒவ்வொண்ணா கணக்குப் போட்டிருக்கீங்க தம்பி. உடம்பு அப்படிப் போடாது."

இதை எழுதலாமா என்று அவனிடமும் சித்தியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் வேண்டாம் என்று மட்டும் சித்தி சொன்னாள்.

"நம்ம குமரி மாவட்டத்துல இதெல்லாம் எங்க?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பாதிப் பேர் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம், கோவளம், வர்க்கலை. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் எல்லாரும் ஊருக்கு வருகிறார்கள். போன இடத்தில் பழகியதும் பையோடு சேர்ந்து வருகிறது. நானும் பெங்களூரில் இரண்டு வருடம் வார இறுதிகளில் எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி என்றும் சொல்வார்கள், பார்ட்டிகளில் புழங்கும் போதைப் பொருள்) எடுத்தவன்தான். அன்றைக்கு அந்த மாத்திரைகளைக் கொண்டுவந்தவன் நான் இல்லை. ஆனால் தம்பி "எடுக்கலாமா அண்ணே?" என்று கேட்டது என்னிடம். "பாதி போடு, ஒண்ணும் செய்யாது" என்று சொன்னதும் நான்தான்.

முட்டம் பக்கம் கடற்கரையை ஒட்டி ஒரு வீட்டை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடிவிடும் என்பதால் சரக்கை முதல் நாளே வாங்கி வைத்திருந்தோம். ஏழு மணிக்குக் குடிக்கத் தொடங்கினோம். ஒன்பது மணிக்குத் தம்பி பாதி மாத்திரை போட்டான். ஒரு மணி நேரம் ஆகியும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வயிறு நிறைய மீனும் சோறும் தின்றிருந்தான், அதனால் மெதுவாகத்தான் ஏறும் என்று யாரும் யோசிக்கவில்லை. பத்தே காலுக்கு மறு பாதியையும் போட்டுவிட்டான்.

பதினொன்றுக்குள் அவன் வேறு ஆளாகிவிட்டான். ஜன்னல்களைச் சாத்தி, ஸ்பீக்கரை அலறவிட்டு ஆடிக்கொண்டிருந்தோம். கடலோரத்துப் புழுக்கம், டிசம்பரிலும் வியர்வை உலராது. தாடையைக் கடித்துக்கொண்டே ஆடினான். "தண்ணி குடிச்சிட்டே இரு, இல்லைன்னா டீஹைட்ரேட் ஆயிடும்" என்று யாரோ சொல்ல, ஒரு லிட்டர் பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்தான். பன்னிரண்டு மணிக்கு ஊரெங்கும் வெடிச் சத்தம். அந்த நேரத்தில் அவனைத் தொட்டவன் நான். தோள் அடுப்பில் வைத்த சட்டிபோல இருந்தது. சந்தோஷத்தில் கட்டிப்பிடித்தேன், அவ்வளவுதான். அது காய்ச்சல் என்று தோன்றவில்லை.

பன்னிரண்டரைக்குமேல் அவனால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, தலைவலி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். அப்போது எங்களில் ஒருவன் தன் பையிலிருந்து ஒரு தூக்க மாத்திரையை எடுத்தான். நைட்ரசெபாம். அவன் அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து, பீரோவில் மிச்சம் கிடந்தது. "இதைப் போட்டா எறங்கிரும், நல்லா உறங்குவான்" என்றான். மாத்திரையை விழுங்க இன்னும் கொஞ்சம் பிராந்தியையே கொடுத்தோம். உதவி செய்கிறோம் என்ற நினைப்பில்தான் செய்தோம்.

ஒன்றே காலுக்குக் குறட்டை கேட்டது. அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு.

இரண்டு மணிக்குச் சற்று முன்னால் போர்வை போர்த்தலாம் என்று அவன் அறைக்குப் போனேன். மல்லாக்கப் படுத்திருந்தான். குறட்டை மாறியிருந்தது. தண்ணீர் அடைத்த குழாயில் காற்று போவதுபோல ஒரு களகளப்பு. வாயோரம் வாந்தி. கூப்பிட்டேன், உலுக்கினேன், கன்னத்தில் அடித்தேன். கண்ணைத் திறக்கவில்லை. மற்றவர்களை எழுப்பினேன். "உறங்குறான் லே, விடு" என்றான் ஒருவன். "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும், எல்லார் வாழ்க்கையும் போயிரும்" என்றான் இன்னொருவன். எலுமிச்சம்பழம் பிழிந்து வாயில் ஊற்றலாம் என்றான் மூன்றாமவன், பழம் தேடி அடுக்களைக்கும் போய்விட்டான். இருபத்தைந்து நிமிடம் இப்படியே போனது. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற இருபத்தைந்து நிமிடம் அது. மாத்திரையை எடுக்கச் சொன்னதைவிட இதற்காகத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன். அது அறியாமை. இந்த நேரத்தில் அவன் சரியில்லை என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

போன் செய்யத் தைரியம் வராமல்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். நள்ளிரவுப் பூசைக்குப் போய் வந்து, காலைச் சமையலுக்கு ஏதோ செய்துகொண்டிருந்ததால் அங்கே விளக்கு எரிந்தது. கதவைத் திறந்த அக்கா குவைத்தில் நர்ஸ், லீவுக்கு வந்திருந்தார். எங்கள் மாவட்டத்தில் நாலு வீட்டுக்கு ஒரு நர்ஸ் இருப்பது எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறதோ! நான் பாதி சொல்வதற்குள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தார்.

முதல் வேலையாக அவனை இடது பக்கமாகச் சரித்துப் போட்டார். மேலே இருந்த காலின் முழங்காலை மடக்கி முன்னால் ஊன்ற வைத்தார், உருண்டுவிடாமல் இருக்க. கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்தார். வாய்க்குள் கண்ணுக்குத் தெரிந்த வாந்தியைத் துணியால் துடைத்தார். அவ்வளவுதான், அந்தக் களகளப்பு நின்று மூச்சு போகிற சத்தம் கேட்டது. உதட்டை மடக்கி உள்பக்கத்தைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். நம்மைப்போல மாநிறத்தவர்களுக்கு முகத்தில் நீலம் தெரியாது, உதட்டின் உள்ளேயும் ஈறிலும் நகக்கண்ணிலும்தான் தெரியும் என்று பிறகு சொன்னார். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். ஏழு. சாதாரணமாக 12 முதல் 20 வரை இருக்கவேண்டும்.

"108-க்கு அடிச்சியா?"

இல்லை என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை, அவசரம்தான் இருந்தது. "அடி. 'மூச்சு கொறவா இருக்கு, உணர்வு இல்ல'ன்னு சொல்லு. வழிய சரியா சொல்லு, ஒரு ஆள ரோட்டுல நிக்க வை." அப்புறம் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார்: "என்ன எல்லாம் போட்டான்? மறைக்காம சொல்லுங்க மக்கா. நான் போலீஸ் இல்ல."

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்ன நானே, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் தூக்க மாத்திரையை விட்டுவிட்டேன். நண்பனின் அம்மா பேர் வந்துவிடுமே என்ற பயம். பத்து நிமிடம் கழித்து, அவனுக்கு மூச்சுக்குழாய் போடத் தயாராவதைப் பார்த்துத்தான் சொன்னேன். டாக்டர் கோபப்படாமல் விளக்கினார். அபின் வகை மருந்துகளால் மூச்சு அடங்கினால் நலாக்சோன் என்ற ஊசி அதைத் திருப்பிக் கொண்டுவரும். டிரமடால், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் அந்த வகை. தூக்க மாத்திரைக்கும் மதுவுக்கும் நலாக்சோன் ஒன்றும் செய்யாது. தூக்க மாத்திரைக்கு வேறொரு முறிமருந்து உண்டு, ஆனால் வேறு சில போதைப் பொருட்கள் உடம்பில் கூட இருக்கும்போது அதைக் கொடுத்தால் வலிப்பே வரலாம். என்ன உள்ளே போயிருக்கிறது என்று தெரியாத டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார் என்று அர்த்தம். மாத்திரை அட்டை, பாட்டில், மிச்சம் இருப்பது எதுவானாலும் கையோடு எடுத்துப் போங்கள். எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பதற்றத்தில் நேரம் மாறிப்போகும், எனக்கு மாறியது.

அவன் ஐசியூவில் இரண்டு நாள், வார்டில் ஐந்து நாள் இருந்தான். காய்ச்சல் 103 டிகிரி. ரத்தத்தில் சோடியம் 122. 135-க்குக் கீழே போகக் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியா. இந்த மூன்றும் வெவ்வேறு கலவையிலிருந்து வந்தவை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த ஏழு நாளும் தேவைப்பட்டன. டாக்டரிடம் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு பாதிகள். எம்டிஎம்ஏவை உடைத்து வெளியேற்றுகிற கல்லீரல் நொதியை அந்த எம்டிஎம்ஏவே முடக்கிவிடுகிறது. அதனால் இரண்டாவது தடவை எடுப்பது முதல் தடவைபோலக் கழியாது. அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்றைவிடக் கூடிவிடும். "ஏறலையே" என்று இன்னொன்று போடுகிறவர்கள் விழுவது இதனால்தான். போதாததற்கு, எம்டிஎம்ஏ என்று கையில் கிடைப்பது எம்டிஎம்ஏதானா என்று விற்கிறவனுக்கே தெரியாது.

அடுத்தது தண்ணீர். எம்டிஎம்ஏ உடம்புச் சூட்டை ஏற்றுகிறது, வியர்க்க வைக்கிறது. அதே சமயம் சிறுநீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனையும் கூட்டுகிறது. அந்த நிலையில் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் அது வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் உப்பை நீர்த்துப்போகச் செய்யும், மூளை வீங்கும். 1995-ல் இங்கிலாந்தில் தன் 18-வது பிறந்தநாள் விருந்தில் ஒரு எக்ஸ்டசி மாத்திரை போட்ட பெண் இறந்தது இப்படித்தான். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏழு லிட்டர் தண்ணீர் குடித்திருந்தாள். ஆடிக்கொண்டிருப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர், சும்மா இருப்பவருக்கு அதில் பாதி, அதற்குமேல் வேண்டாம் என்கிறார்கள். தண்ணீரைவிட முக்கியம் ஜன்னலைத் திறப்பதும், ஆட்டத்தை நிறுத்தி உட்கார வைப்பதும். நாங்கள் ஜன்னலைச் சாத்தியிருந்தோம்.

மூன்றாவதுதான் அவனைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. மதுவும் தூக்க மாத்திரையும் இரண்டுமே மூளையில் மூச்சை நடத்தும் பகுதியை அடக்குபவை. சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும். எம்டிஎம்ஏ உச்சத்தில் இருந்தவரை குடித்த பிராந்தியின் அளவு அவனுக்கே தெரியவில்லை, நிதானமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். (இந்த நினைப்பில்தான் பைக் சாவியை எடுக்கிறார்கள். மது மட்டும் குடித்தவனாவது தள்ளாடுவான், நாலு பேர் தடுப்பார்கள்.) பிறகு தாங்கிப் பிடித்திருந்த வேகம் வடியத் தொடங்கியது, நைட்ரசெபாமோ ஒரு நாளுக்குமேல் உடம்பில் தங்குகிற சரக்கு. எங்கள் கடற்கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. காற்று இருக்காது, மழை இருக்காது, எங்கோ தூரக் கடலில் எப்போதோ அடித்த புயலின் அலை திடீரென்று வீட்டு வாசல்வரை ஏறிவரும். ஏழு மணி பிராந்தியும் பன்னிரண்டே முக்கால் மாத்திரையும் இரண்டு மணிக்கு வந்தது அப்படித்தான். ஆள் அடங்கிவிட்டான் என்று மற்றவர்கள் நிம்மதியாகிற நேரம்தான் அது.

வேறு கலவைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பையன்கள் எடுப்பது இவை மட்டும் இல்லை. கோகைனும் மதுவும் சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎத்திலீன் என்ற மூன்றாவது பொருள் உண்டாகிறது. அது கோகைனைவிட நீண்ட நேரம் தங்கும், இதயத்துக்கு இன்னும் கேடு. கேட்டமின் என்ற மயக்க மருந்தோடு மது சேர்ந்தால் உணர்வில்லாத நிலையில் வாந்தி. டேபென்டடால் மாதிரி வலி மாத்திரைகளோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு நிற்கும். நம் பக்கத்தில் கிளப்பையோ பார்ட்டியையோ பார்க்காத பையன்களிடமும் இந்தக் கலவை இருக்கிறது.

மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஆறு பேரில் ஒருவன் எஸ்சிடலோபிராம் எடுத்துக்கொண்டிருந்தான், எங்களுக்குத் தெரியாது. அந்த வகை மருந்து இருக்கும்போது எம்டிஎம்ஏவின் போதை சரியாகத் தெரியாது. தெரியவில்லை என்று ஆள் மேலும் மேலும் எடுப்பான். எம்டிஎம்ஏவும் டிரமடாலும் சேர்ந்தால், அல்லது இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் சேர்ந்தால், மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் அளவு எல்லை மீறிப் போகலாம். கைகால் உதறல், தசை விறைப்பு, கொட்டுகிற வியர்வை, காய்ச்சல், குழப்பமான பேச்சு, வயிற்றுப்போக்கு என்று வரும். டிரமடால் வலிப்பையும் தூண்டும். மருந்தை நிறுத்திவிட்டுப் பார்ட்டிக்குப் போவதும் தீர்வு இல்லை, அதன் ஆபத்து வேறு. அவன் அதை எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டான் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்த இரவில் நாங்கள் செய்யவிருந்த முட்டாள்தனங்களையும் சொல்லவேண்டும். உணர்வில்லாதவன் வாயில் எலுமிச்சைச் சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதுவும் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குத்தான் போகும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. குழாயடியில் உட்கார வைத்துத் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் போதை இறங்காது. உடம்பு சுட்டால் சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் வைக்கலாம். வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காமல், தலை எதிலும் மோதாமல் பார்த்துக்கொண்டு, நின்றதும் பக்கவாட்டில் சரிக்கவேண்டும். மூச்சே இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 சென்டிமீட்டர் இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தவேண்டும். தனியாக விட்டுவிட்டு எங்கும் போகக் கூடாது. "உறங்கட்டும்" என்று கதவைச் சாத்துவதற்குமுன் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைக் கிள்ளிப் பாருங்கள். முனகவாவது செய்யாவிட்டால் அது உறக்கம் இல்லை.

போலீஸைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் பதிவு செய்தார்கள், ஒரு காவலர் வந்தார், எங்கள் ஆறு பேரின் வீடுகளுக்கும் விஷயம் போனது. ஒன்றுமே ஆகாது என்று நான் பொய் சொல்லமாட்டேன். போதைப் பொருள் சட்டம் 1985-லிருந்து இருக்கிறது, எம்டிஎம்ஏவில் 10 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு, தண்டனை மிகக் கடுமை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போனால், பயன்படுத்தியதற்காகவும் சிறு அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. எங்களில் ஒருவனுக்கு வேலை போனது. நிச்சயித்த கல்யாணம் ஒன்று நின்றது. இவையெல்லாம் நடந்தபிறகும், ஜனவரி ஐந்தாம் தேதி தம்பி "அண்ணே, கஞ்சி வேணும்" என்று கேட்ட அந்தக் குரலுக்கு முன்னால் எதையும் நிறுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சித்தி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அது நியாயம். சித்தப்பா ஒரு நாள் வந்து, "ஏன்லே மொதல்லயே என்னை விளிக்கல?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும், சொல்ல முடியவில்லை. அவரைக் கூப்பிட்டிருந்தால் முதலில் அடி விழும் என்று பயந்தோம். பிள்ளை வளர்க்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: நள்ளிரவில் பிள்ளை போன் செய்தால் முதல் கேள்வி "மூச்சு இருக்கா?" என்றிருக்கட்டும். மற்றதெல்லாம் விடிந்தபிறகு கேட்கலாம். அப்புறம், பீரோவில் கிடக்கிற பழைய தூக்க மாத்திரைகளையும் வலி மாத்திரைகளையும் எண்ணிப் பூட்டி வையுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் தம்பிக்கு இன்னொரு பள்ளம் காத்திருந்தது. சாப்பாடு இறங்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, சாகலாம் என்று இரண்டு தடவை சொன்னான். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு நான்தான் முதலில் அடித்தேன், தமிழிலேயே பேசினார்கள். போதையை விடுவதற்கென்று 14446 என்ற எண்ணும் இருக்கிறது, இரண்டும் இலவசம். அதன்பின் ஒரு மனநல மருத்துவரிடம் ஏழெட்டு மாதம் போய்வந்தான். ஆசாரிபள்ளம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குக் காசு வேண்டாம் என்பது தெரியாமல் பல குடும்பங்கள் கடன் வாங்குகின்றன. அவன் கூடவே நானும் போனேன், எனக்கும் தேவையாக இருந்தது.

இப்போது வருடா வருடம் டிசம்பரில், குடில் கட்ட எங்கள் தெருப் பையன்கள் கூடும்போது அரை மணி நேரம் அவர்களோடு உட்காருகிறேன். எடுக்காதே என்றுதான் சொல்கிறேன், மனதார. ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. ஒருவனைத் தரையில் படுக்க வைத்து, எல்லாரையும் சரித்துப் பழகச் சொல்கிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஏதாவது ஆயிப்போச்சுன்னா ஒங்கள விளிக்கலாமா அண்ணே?" முதலில் 108, அப்புறம் நான், எந்த நேரமானாலும் என்றேன்.

போன ஏப்ரலில் இரவு ஒன்றேமுக்காலுக்கு அவன் போன் வந்தது. பின்னால் அலை இரைச்சல் கேட்டது. நான் ஹலோ சொல்வதற்குள் பேசத் தொடங்கிவிட்டான்: "அண்ணே, கூட்டுக்காரன்தான். பியரும் வலி மாத்திரையும். சரிச்சுப் போட்டிருக்கேன், மூச்சு ஒம்பது வருது. 108-க்கு சொல்லியாச்சு, தம்பி ஒருத்தன் ரோட்டுல நிக்கான். அட்டை எனக்க கையில இருக்கு."